படிவம் பதினொன்று: கிணறுகள்

ஆகஸ்டுக்குள் கணக்கை முடித்துவிடச் சொன்னார்கள்.
செப்டம்பரில் எங்கள் மாவட்டம் இருக்காது,
பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள்.
நான் ஃபெடோரா அர்னாவுத், நீர்வளப் பிரிவு.
கையில் ஐம்பது மீட்டர் கயிறு, நுனியில் ஈயக் குண்டு.
ஓட்டுநர் வசிலே. இடது கதவு திறக்காத ஜீப்.

மலை என்று சொல்ல இங்கே ஒன்றுமில்லை.
வடக்கே கொஞ்சம் ஏறி, தெற்கே கொஞ்சம் சரிகிற புல்வெளி.
நடுவில் அக்தெரே ஆறு.
ஆறு என்பது வரைபடம் காட்டும் மரியாதை:
மார்ச்சில் ஓடும், மே மாதத்தில் யோசிக்கும்,
ஜூலையில் அதன் நடுவே வாத்துகள் நடந்துபோகும்.
தெற்கே உப்பேரி. காற்று அங்கிருந்து வந்தால்
கொடியில் காயும் சட்டை அட்டையாய் விறைக்கும்.
மண் மட்டும் கருகருவென்று இருக்கும்;
மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் ஆளை விடும்.

ஆகவே வந்தவர்கள் எல்லாரும் தோண்டினார்கள்.

நொகாய்கள் நான்கு மீட்டர்.
ஓடை வாயில், ஆடு மோந்து நின்ற இடத்தில்.
பேரரசின் பேனா ஒருநாள் அசைந்தது, அவர்கள் வண்டிகள் கிழக்கே போயின.
ஊர்ப் பெயர்களை ஏற்ற வண்டியில் இடமில்லை.

ஜெர்மானியர் பத்தொன்பது மீட்டர்.
செதுக்கிய கல், கல்லில் ஆண்டு, ஆண்டுக்குக் கீழே ஒரு கோடு.
நாற்பதின் இலையுதிர் காலத்தில்
மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பினார்களாம்.
மூன்று நாள் அந்த மாடுகள் கத்தின என்று
எந்த ஆவணத்திலும் இல்லை.

நாங்கள் ககவூசியர், டான்யூப்புக்கு அப்பாலிருந்து
பல்கேரியர்களோடு வந்தவர்கள்.
பேச்சு துருக்கி வழி, கழுத்தில் சிலுவை.
எங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
இருநூறு வருடமாய்க் குமாஸ்தாக்கள் பென்சிலைக் கடிக்கிறார்கள்.
இப்போது பென்சில் என் கையில். நானும் கடிக்கிறேன்.

நூற்றுப் பதினேழாவது கிணறு
ஹன்னா டோவ்ஹான் வீட்டுக்குப் பின்னால், சூரியகாந்தி வயலில்.
ஐம்பத்தொன்றில் அவள் ஆட்களைக் கார்பேத்திய மலையிலிருந்து
ரயிலில் கொண்டுவந்து இந்தச் சமதரையில் இறக்கினார்கள்.
அவள் அம்மா ஒரு வருடம்
எதில் முதுகு சாய்ப்பது என்று தெரியாமல் நடந்தாளாம்.

வசிலே டார்ச்சை உள்ளே அடித்தான்.
மேலே சொரசொரப்பான காட்டுக் கல்.
அதற்குக் கீழே அளந்து செதுக்கிய கல்.
அதற்கும் கீழே கூட்டுப்பண்ணை இறக்கிய இரும்புக் குழாய்.
தண்ணீர் இறங்க இறங்க, வந்தவர் ஒவ்வொருவரும்
முந்தினவர் விட்ட இடத்திலிருந்து தோண்டியிருக்கிறார்கள்.
பூமியில் எங்கே தோண்டினாலும் ஆழத்தில் இருப்பது பழசு.
இந்தக் கிணற்றில் ஆழத்தில் இருப்பதுதான் புதுசு.

படிவம் கேட்கிறது: கட்டியவர் யார்?
ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள்.

"இந்த வயலுக்குப் பெயர் உண்டா?" என்றேன்.
"குயூலு" என்றாள் ஹன்னா.
"யாரோ பழைய சொந்தக்காரன் பெயர்."
என் வீட்டுப் பேச்சில் அதற்குக் 'கிணறு உள்ளது' என்று அர்த்தம்.
சொன்னேன்.
அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"எழுபது வருடமாய் அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்,
கல்லெல்லாம் பொறுக்காமல் போய்விட்டான் என்று!"

வசிலே ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான்.
"பழகிவிடும்" என்றாள்.
இந்த மாவட்டத்தில் ஐந்து மொழியிலும்
விருந்தாளியிடம் சொல்கிற முதல் வார்த்தை அது.

ஆழம் 31.4. நீர்மட்டம் 29. உப்பு: அதிகம்.
பயன்பாடு: உண்டு.
கட்டியவர் என்ற வரியில் 'குயூலு' என்று எழுதினேன்.
பக்கத்து மாவட்டத்தில் யாராவது
அவருடைய பிறந்த தேதி கேட்டுக் கடிதம் போடுவார்கள்.

கயிற்றை ஜீப் கூரையில் காயப் போட்டோம்.
நூற்றுப் பதினெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள்
ஈயக் குண்டிலிருந்து இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரை
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.